பாஸ்போட்டுல இருக்குற புள்ள

வா புள்ள. மழை விடட்டும்னு பாத்தா கூடலூருல ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகவே முடியாது. கொடைய வாசல்லயே வையி, தண்ணி வடியட்டும். பாயில உக்காரு. அந்தப் போன்ல பேச்சப் பிடிப்பியே, அத இன்னைக்கிப் போட வேணாம். இல்ல, போடு. போன தடவ நான் சொன்னதையும் அதுலதான பிடிச்சிட்டுப் போன? இப்பச் சொல்றதையும் அதுலயே பிடி. ரெண்டும் கெடக்கட்டும்.

போன தடவ உங்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்.

தவமணி திருப்பூர்ல இருக்கா, வேலை சாஸ்தி, பேச நேரமில்லன்னு சொன்னேன்ல. திருப்பூர்ல இருக்குறது எம் மகன் ரத்தினம். இங்க வந்தப்பறம் பொறந்தவன். தவமணி இல்ல. அவ போயி அம்பது வருசமாச்சு.

நீ வந்த வேகம் அப்படி. மெட்ராசுலருந்து வர்றேன், சிலோன்லருந்து வந்தவங்க சரித்திரத்த எழுதுறேன், அட்டன் பக்கத்துத் தோட்டத்துல லீலாவதியப் பாத்தேன், அவங்க அம்மாவுக்கு நீங்க போட்ட கடுதாசி பதிமூணையும் குடுத்தாங்க, எல்லாத்தையும் படிச்சேன், தவமணியப் பாக்கணும்னு ஒரே மூச்சுல சொன்ன. நான் என்னா செய்வேன்? பதிமூணும் நான் எழுதுனதுதான். எழுதுனதுன்னா, நான் சொல்லச் சொல்ல இங்க பால்வாடியில இருந்த எஸ்தர் டீச்சர் எழுதுனது. எனக்கு எழுத்துத் தெரியாது. கொழுந்து நிறுக்குறப்ப தராசு முள்ள மட்டும் வாசிப்பேன்.

அப்பறம் பாஸ்போட்டக் காட்டுங்கன்ன. காட்டினேன். படத்தக் கண்ணுக்கிட்ட தூக்கிப் பாத்த நீ. "இந்தக் கொழந்த உங்களப் பாக்குற பார்வையப் பாருங்கம்மா. தாயும் மகளும். இதத்தான் புத்தகத்துக்கு அட்டையில போடப் போறேன்"ன்னு சொல்லி நாலு தடவ படம் பிடிச்சிக்கிட்ட. நீ போனப்பறம் எனக்குச் சோறு எறங்கல. வாயால சொன்ன பொய்யோட எப்படியோ காலத்தத் தள்ளிட்டேன். அட்டையில போட்டா ஊரு பாக்கும்ல. அதான் வரச் சொன்னேன்.

அந்தப் படத்துல இருக்குறது எம் புள்ள இல்ல. நீ அட்டன் பக்கம் பாத்தியே, அந்த லீலா.

மொதல்லருந்து சொல்றேன், கேளு. எங்களுக்கு மேமலைத் தோட்டம். அட்டன்லருந்து ஏழு கட்டை தூரம். லயத்துல வரிசையா பத்துக் காம்பரா. எட்டாவது எங்களது, ஒம்பதாவது ஜெயக்கொடி அக்காளோடது. நடுவுல ஒரு செவுரு, அதுவும் மேல வரைக்கும் இருக்காது. இந்தப் பக்கம் இருமினா அந்தப் பக்கம் "என்னா புள்ள, சளியா"ன்னு கேக்கும். அக்காளுக்கு லீலா பொறந்து நாப்பதாம் நாளு எனக்குத் தவமணி பொறந்தா. எனக்குச் சொரம் வந்தப்ப அக்கா என் புள்ளைக்குப் பால் குடுத்துச்சு. அதுக்கு முடியாதப்ப நான் லீலாவுக்குக் குடுத்தேன்.

எந்த நாடுன்னு அரசாங்கம் எழுதித் தரச் சொன்னப்ப, அக்கா வீட்டுக்காரரு அங்கயே பிரஜையா இருக்குறதுக்கு எழுதிக் குடுத்திட்டாரு. எங்க வீட்டுக்காரரு வெள்ளையன், இந்தியாவுக்குன்னு எழுதிக் குடுத்திட்டாரு. என்னையக் கேக்கல. அந்தக் காலத்துல யாரு கேட்டா. ஆனா அந்த வருசம், எழுவத்தி மூணு, தோட்டத்துல சோறு இல்ல. அரிசியில்ல, மாவில்ல. மரவள்ளிக் கெழங்க அவிச்சி, தோலையும் பொரியல் வச்சோம். அதனால போறதுல எனக்கும் ஒரு ஆசை இருந்துச்சுன்னே வச்சிக்க. அங்க போனா புள்ளைக்கு ஒரு வேளை சோறாவது நெறையக் கெடைக்கும்னு நெனச்சேன்.

கண்டியில ஆபீசுலருந்து பாஸ்போட்டுக்குத் தேதி வந்திருச்சு. இன்ன செவ்வாக்கெழம வரணும், வர்றப்ப குடும்பமா நின்னு எடுத்த படம் கொண்டாரணும். ஞாயித்துக்கெழம அட்டன் போயி படம் எடுக்குறதா இருந்தோம். வியாழக்கெழமக் காலையில தவமணிக்கு மேலெல்லாம் முத்துப் போட்டிருச்சு. அம்மை. கண்ணு எமையில கூட ரெண்டு. வேப்பெல தேட ஓடினேன். அங்க வேப்ப மரத்துக்கு எங்க போறது, கோயில்ல ஒண்ணு இருந்துச்சு, அதுல ஒரு கொப்பு வாங்கியாந்து போட்டேன்.

இவரு வாசல்ல உக்காந்துக்கிட்டு, "தேதி தவறினா அடுத்து எப்பக் கூப்புடுவாங்களோ. ரெண்டு வருசமும் ஆவும், மூணும் ஆவும்"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. செவுத்துக்கு அந்தப் பக்கம் அக்கா கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. எந்திரிச்சி வந்து சொல்லிச்சு.

"லீலாவக் கூட்டிட்டுப் போங்க."

"என்னாக்கா சொல்ற?"

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்னா பெரிய மொகம். கப்பல் ஏறுறதுக்குள்ள எல்லாப் புள்ளைக்குந்தான் மொகம் மாறும். லீலாவுக்குப் போன மாசமே வயித்துல நாலு முத்தோட வந்து போயிருச்சு, அவளுக்கு இனி பயமில்ல. நான் தவமணியப் பாத்துக்கறேன். நீ போயி படத்த எடுத்துட்டு வா."

இப்படித்தான் ஆச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல.

அம்மை போட்ட வீட்டுல பொம்பள பொட்டு வச்சி, பூ வச்சி வெளிய போகக் கூடாது. தெரியும் எனக்கு. ஆனா படத்துக்கு நிக்கணும்ல. பவுடர் போட்டேன். ரெண்டு ரோசாப்பூ வச்சேன். தவமணியோட தீவாளிச் சட்டை, மஞ்சள்ல சின்னச் சின்னச் செவப்புப் பூ, அத லீலாவுக்குப் போட்டுவிட்டேன். அக்கா புள்ளைக்கு அப்ப நல்ல சட்டை ஒண்ணும் கெடையாது. தவமணி சொரத்துல கண்ணு முழிக்காமக் கெடந்தா. கெளம்பிட்டோம்.

ஸ்டூடியோவுல படம் பிடிக்கிறவரு ஒரு சிங்கள மாத்தையா. நல்ல மனுசன். பின்னால குளமும் அன்னமும் வரைஞ்ச துணி. இவர நிக்க வச்சாரு, என்னைய நாக்காலியில உக்கார வச்சாரு, லீலாவ எம் மடியில ஏத்தி வுட்டாரு. கருப்புத் துணிக்குள்ள அவரு தலைய வுட்டதும் லீலா பயந்துட்டா. எங் கையப் புடிச்சிக்கிட்டா. "பபா, அம்மா மொகத்தப் பாருங்க"ன்னாரு அவரு. அவ அவங்க அம்மாவத் தேடுனா. தேடிட்டு, அங்க இல்லன்னதும் என்னையப் பாத்தா. அந்த நேரம் வெளக்கு அடிச்சிருச்சு.

நீ சொன்ன பார்வ அதான் புள்ள. அது தாயப் பாக்குற பார்வ இல்ல. தாய் எங்கன்னு எங்கிட்ட கேக்குற பார்வ.

தவமணிக்கு எறங்கிருச்சு. மூணாந் தண்ணி ஊத்தினோம். ஆனா மொகத்துல தழும்பு நின்னு போச்சு. நெத்தியில, ரெண்டு கன்னத்துல, மூக்கு நுனியில ஒண்ணு. இந்தா பாரு, மூக்கு நுனியிலன்னு சொல்றேன். எடம் தெரியுது. மொகந்தான் தெரியல. அத அப்பறம் சொல்றேன்.

பாஸ்போட்டு கைக்கு வர ஏழெட்டு மாசமாச்சு. வந்ததும் இவரு தவமணிய உக்கார வச்சிப் படத்தக் காட்டுனாரு.

"இது யாரு?"

"லீலா."

"இல்ல. இது நீதான். யாராச்சும் கேட்டா நாந்தான்னு சொல்லணும்."

"நான் இல்லப்பா. என் சட்டை. லீலா போட்டிருக்கா."

எத்தன தடவ சொல்லிக் குடுத்தோம் தெரியுமா. சீனி குடுத்துச் சொன்னோம், அதட்டிச் சொன்னோம். ஒரு நாளு நான் தொடையில கிள்ளிக் கூட வச்சேன். அவ அழுதுக்கிட்டே, "லீலா"ன்னா. அஞ்சு வயசுல அவ்வளவு பிடிவாதம். யாருக்கு வரும் அது, அவங்க அப்பாவுக்குத்தான்.

தலைமன்னாருக்குப் போற கோச்சியில ஏறுறப்ப டேசனே அழுதுச்சு. அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சின்னு பேரு. ஜெயக்கொடி அக்கா சன்னலப் பிடிச்சிக்கிட்டே ஓடி வந்துச்சு. லீலாவும் தவமணியும் ஒண்ணும் புரியாம சிரிச்சிக்கிட்டுக் கைய ஆட்டுனாங்க. கப்பல் ஏறுற எடத்துல ஒரு ஆபீசரு பாஸ்போட்டையும் புள்ளையையும் மாறி மாறிப் பாத்தாரு. "அம்மை போட்டிருச்சுங்க ஐயா"ன்னு இவரு சொன்னாரு. அந்தாளு குனிஞ்சி தவமணிகிட்ட படத்தக் காட்டி, "இது யாரு பாப்பா?"ன்னாரு.

அவ என்னையப் பாத்தா. அவங்கப்பாவப் பாத்தா. "நாந்தான்"ன்னா.

எனக்கு அப்பப் பெரிய நிம்மதி. கப்பல்ல ஏறி உக்காந்தப்பறம், "கெட்டிக்காரி"ன்னு சொல்லி கன்னத்துல முத்தம் குடுத்தேன். அவ எங்கிட்ட பேசவேயில்ல. ராமேஸ்வரம் வர்ற வரைக்கும் தண்ணியப் பாத்துக்கிட்டே வந்தா.

மண்டபம் முகாம்ல ரெண்டு மாசம். அப்பறம் இங்க, அரசாங்கத் தோட்டத்துல வேலைன்னு லாரியில ஏத்தி வுட்டாங்க. அப்ப இதெல்லாம் காடு. தேயிலக் கன்னு வச்சிக்கிட்டு இருந்தாங்க. கூரைக்குத் தகரம் இருந்துச்சு, கதவு வரல. ஆனி, ஆடி மழை. இப்ப பெய்யிதே, இது மழையே இல்ல. அது ஒரு மாசம் சூரியனக் காட்டாது.

ஆடி பதினேழாந் தேதி. தேதி எனக்குத் தப்பாது. மூணு நாளா வயித்தால போயி, சொரம் கொதிக்குது. வழியில மண்ணு சரிஞ்சி ரோடு இல்ல. இவரு தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு, நான் ஒரு சாக்கக் கொங்காணி போட்டு அவ மேல மழை படாமப் பிடிச்சிக்கிட்டே போனேன். பாதி வழியில, "அம்மா, கோச்சி எப்ப வரும்?"ன்னு கேட்டா. "வந்துரும்டி, இந்தா வந்துரும்"ன்னேன். கொஞ்ச தூரம் போயி இவரு நின்னாரு. "அமராவதி, புள்ள கனமா இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்குப் புரிஞ்சிருச்சு.

எங்க போயிச் சொல்றது, யாரு இருக்கா. முகாம்லருந்து கூட வந்த ஏழெட்டுக் குடும்பம். எஸ்தர் டீச்சர் அப்பத்தான் பால்வாடிக்கு வந்திருந்தாங்க, அவங்க வந்தாங்க. சரிவுல ஒரு எடத்துல பொதச்சோம். ஒரு கல்ல வச்சோம். மறு வருசம் அந்தச் சரிவுலயும் கன்னு வச்சிட்டாங்க. கல்லு எங்க போச்சோ. இப்ப அது பதினெட்டாம் நம்பரு மலை. அங்க நான் இருவது வருசம் கொழுந்து எடுத்திருக்கேன் புள்ள. எந்தச் செடின்னு தெரியாம.

முப்பதாம் நாளு இவரு பாஸ்போட்ட எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனாரு. சாயங்காலம் பேப்பர்ல சுத்தி ஒண்ணு கொண்டாந்தாரு. பிரிச்சா, கண்ணாடி போட்ட படம். பாஸ்போட்டுலருந்து அந்தப் புள்ளைய மட்டும் மாரு வரைக்கும் பெருசாக்கி, பொட்டு வரைஞ்சி கொண்டாந்திருக்காரு. கையில ஒரு மாலை.

"இது நம்ம புள்ள இல்ல"ன்னேன்.

"தெரியும்."

"லீலாய்யா இது. உசுரோட இருக்குற புள்ள."

"தெரியும்னு சொல்றேன்ல."

"அப்பறம் எதுக்கு மாட்டுற?"

அவரு ஆணி அடிச்சிக்கிட்டே சொன்னாரு. "கும்புட ஒரு மொகம் வேணும்ல அமராவதி. பாஸ்போட்டுல தவமணின்னு இதுக்குத்தான எழுதியிருக்கு."

ஒரு வருசம் அந்தப் பக்கம் நான் திரும்பல. அவருதான் வெளக்கேத்துவாரு. எவ்வளவு பெரிய பொய்யி பாரு. செத்தவளுக்கு அடுத்த வீட்டுப் புள்ள மொகத்த மாட்டி, அதுக்கு மாலையும் போட்டு. இன்னைக்கும் அவரு மேல எனக்கு அந்த ஒரு கோவம் ஆறல. மனுசன் போயி பதினோரு வருசமாச்சு. நல்லவருதான், குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஆனா அந்தப் பொய்யிதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

கடுதாசியா? அது வேற. அத இதோட சேக்காத.

படம் மாட்டின ஒரு வாரத்துல அக்காகிட்டருந்து கடுதாசி வந்துச்சு. எஸ்தர் டீச்சர் வாசிச்சாங்க. எல்லாரும் சொகமா, வேலை எப்படி, லீலா தெனமும் தவமணி எப்ப வருவான்னு கேக்குறா, அவ மொகத்துல அம்மைத் தழும்பு மாறிருச்சா, தேங்காப்பால் தடவுன்னு எழுதியிருந்துச்சு. டீச்சர் பேனாவத் தொறந்துக்கிட்டு, "பதில் என்னாக்கா எழுத?"ன்னாங்க.

நான் சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். "தழும்பு மாறிக்கிட்டு வருதுன்னு எழுதுங்க"ன்னேன்.

டீச்சர் என்னையவே பாத்தாங்க. அவங்க மண்ணு போட்டவங்கதான. "அப்படியே எழுதவாக்கா?"ன்னாங்க. எழுதுங்கன்னேன். எழுதுனாங்க.

அவ்வளவு தூரத்துல இருக்குறவங்களுக்கு ஏன் சங்கடம்னுதான். வேற ஒண்ணுமில்ல. அக்கா தன் புள்ளைய எரவல் குடுத்து எங்களக் கப்பல் ஏத்துச்சு. அதுகிட்ட போயி, ஏத்தி வுட்ட புள்ளைய நான் ஆறு மாசம் கூட வச்சிக்கலன்னு எப்படிச் சொல்லுறது?

அப்பறம் அது போட, நான் போட, பதினஞ்சு வருசம் ஓடிருச்சு. லீலாவ ஒண்ணாப்புல சேத்தாச்சுன்னு அக்கா எழுதும். தவமணியும் ஒண்ணாப்புன்னு நான் எழுதச் சொல்லுவேன். லீலாவுக்குப் பல்லு விழுந்திருச்சு. தவமணிக்கும் ஆடுது. லீலா அஞ்சாம் வகுப்போட நின்னு கொழுந்துக்குப் போறான்னு எழுதுச்சு. நான் மட்டும் தவமணிய எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்க வச்சேன். நீ கூடச் சொன்னியே, அந்தக் கடுதாசியப் படிச்சிட்டு, இங்க வந்தவங்க முன்னேறுனதுக்கு இது ஒரு சாட்சின்னு. எனக்கு அப்பச் சிரிப்பு வரல, ஒண்ணும் வரல.

லீலா பெரிய மனுசி ஆனா, தவமணியும் ஆனா. எம்பத்தி மூணு கலவரத்துல ஒரு வருசம் கடுதாசி இல்ல. அந்த வருசம் எம் புள்ள பெரிசாகவேயில்ல. அங்க லீலா உசுரோட இருக்காளான்னு தெரியாது, இங்க அவ படத்துக்கு நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மாலை போட்டுக்கிட்டு இருக்கேன். ஆமா, அதுக்குள்ள நானும் போட ஆரம்பிச்சிட்டேன். எப்பன்னு கேக்காத. ரத்தினம் பொறந்து, அவன் கைய நீட்டி "அக்கா, அக்கா"ன்னு அதக் காட்டுனான். அவன்கிட்ட இல்லடான்னு எப்படிச் சொல்றது. கும்பிட்டேன். கும்பிடக் கும்பிட அது ஒட்டிக்கிச்சு.

எம்பத்தி ஒம்போதுல லீலாவுக்குக் கலியாணம்னு கடுதாசி வந்துச்சு. நானும் தவமணிக்கு முடிச்சேன். மாப்பிள்ள திருப்பூருன்னு சொல்லி எழுதச் சொன்னேன். அதோட எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லாமப் போச்சு. கலியாணம் பண்ணிக் குடுத்தா புள்ள வேற வீடுதான. நிறுத்திட்டேன்.

இப்பக் கேளு, எதுக்கு உன்னைய வரச் சொன்னேன்னு.

கண்ண மூடினா எனக்கு லீலாதான் வர்றா. தோள்ல கெடந்தது லீலா, கப்பல்ல தண்ணியப் பாத்துக்கிட்டு வந்தது லீலா, மழையில கோச்சி எப்ப வரும்னு கேட்டதும் லீலா. தவமணி தலையில நல்லெண்ண வாசம் தெரியுது. கால் பெருவெரல் நெகம் ஒடஞ்சிருந்தது தெரியுது. மொகம் இல்ல. அம்பது வருசமா தெனமும் அந்தப் படத்தப் பாத்துப் பாத்து எம் புள்ளைய நானே அழிச்சிட்டேன்.

நீ லீலா நம்பர எழுதி வச்சிட்டுப் போனியா, அதப் பாத்துக்கிட்டே ஒரு வாரம் இருந்தேன். அவளுக்கும் அப்ப அஞ்சு வயசு. ஒண்ணா மண்ணுல வெளையாடுன புள்ள. தவமணி எப்படி இருப்பான்னு அவளுக்கு ஞாபகம் இருக்கலாம்ல? உலகத்துல வேற யாரு இருக்கா கேக்க? ஆனா கேக்கணும்னா மொதல்ல அவ செத்துட்டான்னு சொல்லணும். அங்கயாச்சும் அவ இருக்கா. எட்டாம் வகுப்புப் படிச்சி, கலியாணம் பண்ணி, நல்லா இருக்கா. அதையும் நான் முடிச்சி வைக்கணும்.

முந்தாநாளு பக்கத்து வீட்டுப் பிரேமாகிட்ட போயி நின்னேன். மொகத்தப் பாத்தே பேசலாம் ஆச்சின்னு போட்டுக் குடுத்துட்டு, அவ வெளிய போயிட்டா.

மணி அடிச்சி, போன்ல வெளிச்சம் வந்து, மொகம் வந்துச்சு. அம்பத்தாறு வயசு. நரைச்சி, முன் பல்லு ஒண்ணு விழுந்து, கண்ணாடி போட்டு. நான் என்னா பாத்தேன் தெரியுமா? எம் புள்ள கெழவியானா எப்படி இருப்பான்னு பாத்தேன். நான் மாட்டி வச்சிருக்குற தவமணிதான் அது, வயசாகி வந்திருக்கா.

"சின்னம்மாவா?"ன்னா. கொரலு அப்படியே ஜெயக்கொடி அக்கா. அக்கா போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சுன்னு அப்பத்தான் சொன்னா. அழுதோம். அப்பறம் நான், "லீலா, தவமணி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தெரியும் சின்னம்மா"ன்னா.

"என்னா தெரியும்?"

"கடுதாசி கேட்டு வந்த அந்த மெட்ராசுத் தங்கச்சிகிட்ட நான் ஒரு கடுதாசி மட்டும் குடுக்கல. மொதக் கடுதாசி. அம்மா அதத் தனியா வச்சிருந்துச்சு. நீங்க சொன்னதெல்லாம் எழுதி முடிச்சி, அடியில பொடி எழுத்துல அந்த டீச்சர் எழுதியிருக்காங்க."

வாசிச்சா. எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. "அம்மா, நான் எஸ்தர், இந்தக் கடுதாசிய எழுதித் தர்றவ. தவமணி ஆடியில காலமாயிட்டா. அமராவதி அக்காவுக்குச் சொல்ல வாய் வரல. உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க. பதில் மட்டும் போட்டுக்கிட்டே இருங்க."

பதினஞ்சு வருசம் புள்ள. நான் அக்காள ஏமாத்துறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அது தெரிஞ்சே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. லீலா சொல்றா, "எனக்கு என்னா ஆனாலும் அம்மா ஒடனே ஒங்களுக்குக் கடுதாசி போடச் சொல்லும். இங்க நீ பெரிய மனுசி ஆனத எழுதினாத்தான் அங்க அந்தப் புள்ள ஆகும்னு சொல்லும். என் கலியாணத்துல கூட ரெண்டு சேலை எடுத்துச்சு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு பொட்டியில வச்சிச்சு. ஏன்னு நான் கேட்டுக்கல."

எஸ்தர் டீச்சரும் போயிட்டாங்க, கையப் புடிச்சி ஒரு வார்த்தை கேக்க ஆளில்ல.

அப்பறம் கேட்டேன். அதுக்குத்தான போன் போட்டது. "லீலா, அவ மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

ரொம்ப நேரம் யோசிச்சா. பாவம், எனக்காகத் தேடுறா. "இல்ல சின்னம்மா. மொகம் வரல. அழுகதான் ஞாபகம் இருக்கு. படம் எடுக்கப் போன அன்னைக்கி அவ பீலிக்கரை வரைக்கும் பின்னாலயே வந்தா. என் சட்டை, என் சட்டைன்னு அழுதா. நீங்க திரும்பிப் பாக்கவேயில்ல. என்னைய வேகமா இழுத்துட்டுப் போனீங்க."

அப்படியெல்லாம் இல்ல. அவ சொரத்துல கெடந்தா, நான்தான் சொன்னேன்ல. அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்னா ஞாபகம் இருக்கும், நீயே சொல்லு. நீ எழுதுறப்ப அவ சொன்னத எழுதாத. இல்ல, எழுதிக்க. அழுதிருப்பா. அழுதா. அம்மை போட்ட புள்ள, வெறுங்காலோட, தண்ணி எடுக்குற எடம் வரைக்கும் வந்தா. திரும்பிப் பாத்தா போக மனசு வராதுன்னுதான் நான் பாக்கல. பாத்திருந்தா இன்னைக்கி அந்த மொகமாச்சும் இருந்திருக்கும்.

படத்தையும் மாலையையும் பத்தி அவகிட்ட சொல்லிட்டேன். இவ்வளவு வருசம் உசுரோட இருக்குறவளுக்கு மாலை போட்டிருக்கேன், ஒனக்கு ஏதும் ஆகியிருந்தா நாந்தான்டி காரணம்னேன். அவ லேசாச் சிரிச்சா. "எனக்கு என்னா ஆச்சு சின்னம்மா, பேத்தி எடுத்துட்டேன். என் மொகந்தான, இருந்துட்டுப் போகட்டும். மாலைய மட்டும் எடுத்துருங்க. பேத்தி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கா, பயப்புடுறா"ன்னா.

வா, உள் ரூம்புக்கு வா. போன தடவ நீ முன் ரூம்புலயே உக்காந்துட்டுப் போயிட்ட. இந்தா, இதான். நேத்துப் பிரேமா ஸ்டூல்ல ஏறி மாலைய எடுத்துக் குடுத்துட்டா.

அட்டையில போடுறதுன்னா போட்டுக்க. வேணாம்னா விடு. கீழ என்னா எழுதுறதுன்னு நீதான் யோசிக்கணும், படிச்சவ நீதான். தவமணின்னு போட்டா மொகம் பொய்யி, லீலான்னு போட்டா பாஸ்போட்டு பொய்யி. எனக்குத் தெரியல.

ஆனா ஒண்ணு. மாலைய எடுத்தாங்கல்ல, எடுத்த ஒடனே அது லீலா ஆயிருச்சு. சும்மா ஒரு புள்ள, மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு பொட்டு வச்சிக்கிட்டு யாரையோ பாக்குறா. அவ்வளவுதான். நேத்துலருந்து நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், தவமணி வரவேயில்ல. எம் புள்ளைக்குன்னு இந்த வீட்டுல இருந்தது இந்த மாலை ஒண்ணுதான் போலருக்கு.

இத நான் இப்ப எங்க போடுறது, புள்ள?